நல்ல மேஜை பார்த்து உட்காரும் மகனுக்கு

எட்வின்,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். வாணியம்பாடியில் கூட்டாளி அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் நீல டிக் விழ வைத்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறாய். நான்கு நாளாகிறது. நீ ஆசையாக வாங்கி வந்த மைசூர்பாகு பாக்கெட்டை நான் பிரிக்காமல் கொண்டுபோய் உன் லோடு ஆட்டோ சீட்டிலேயே திருப்பி வைத்தேன் இல்லையா, அதற்குத்தான் இந்த முறைப்பு என்று தெரியும். உனக்கு வந்திருப்பதற்குப் பேர் கோபம் என்றால் எனக்கு வந்திருப்பதற்கு வேறு பேர் தேட வேண்டும். போனில் பேசினால் பாதியில் கட் செய்வாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை நான் மடித்து ஒட்டப் போவதுமில்லை. நம் கொட்டகைக்குப் புளி கொட்டை எடுக்க வரும் பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். உன்னைப் பற்றி மட்டும் இதில் இல்லை, என்னைப் பற்றியும் இருக்கிறது. அவர்கள் கேட்டால் தப்பில்லை.

முதலில் அந்தச் சீட்டாட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது அங்கேதான் ஆரம்பித்தது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு வந்து, முன் அறையில் இரண்டு போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்த நாட்கள். போக்கர் என்றாய். எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியவில்லை. நீயோ ஆடவும் மாட்டாய், எழுந்திருக்கவும் மாட்டாய். வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பாய். "இன்னாடா பாத்துக்கினே கீற, ஆட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "இரும்மா, ஆடறதெல்லாம் அப்பால. மொதல்ல மேஜ பாக்கணும்" என்றாய். சமையலறையில் இருந்து ஈரக் கையோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீயும் எனக்குச் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தாய். பள்ளிக்கூடப் பாடம் எதையும் நீ எனக்கு அவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

திரையில் வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் சராசரியாக எவ்வளவு காசு சேர்கிறது, முதல் மூன்று சீட்டைப் பார்ப்பதற்கு எத்தனை பேர் காசு போடுகிறார்கள் என்று எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. பாதிக்கு மேல் ஆட்கள் எந்தச் சீட்டு வந்தாலும் காசு போட்டுப் பார்த்தால் அது நல்ல மேஜை என்றாய். எல்லோரும் பொறுமையாகச் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தால், "அங்க எல்லாம் வெவரமானவனுங்க, அந்தப் பக்கமே போவக் கூடாது." காலியாக இருக்கும் முதல் மேஜையில் போய் உட்காருபவன் முட்டாள். பத்து நிமிஷம் வெளியே நின்று பார்க்க வேண்டும். பந்தயத்தை ஏற்றவும் மாட்டான், சீட்டை விடவும் மாட்டான், சும்மா கூடவே காசு போட்டுக்கொண்டு வருவான் ஒருவன். அவன்தான் தூண்டிலுக்கு மாட்டும் மீன். மீனுக்கு இடது கைப் பக்கம் இடம் கிடைத்தால் விடவே கூடாது, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு நீ செய்யலாம். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் மேஜைதான் உனக்குச் சரி, ஏனென்றால் பெரிய மேஜையில் பெரிய கைகள், விவரம் இல்லாதவன் சின்ன மேஜைக்குத்தான் வருவான். மாசம் பிறந்தால் சம்பளம் போட்டதும் நிறைய வருவார்கள். மீன் எழுந்து போனால் நீயும் எழுந்து போய்விட வேண்டும். உன்னைவிட விவரமானவன் ஒருவன் வந்து உட்கார்ந்தாலும் எழுந்து போய்விட வேண்டும், ரோஷம் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நீ இரண்டு தடவை சொன்னாய். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுத உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. என் பிள்ளைக்கு எவ்வளவு மூளை என்று நினைத்தேன். உன் அப்பாவையும் உன்னையும் ஒப்பிட்டுக்கூடச் சிரித்தேன். அவர் இருந்த வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே மூன்று பேரோடு, அதே வேப்ப மரத்தடியில், அதே பாயில் உட்கார்ந்து ரம்மி ஆடினார். இருபது வருஷம் அந்த மூன்று பேரிடமே தோற்றார். ஒரு நாளாவது வேறு ஆளைப் பார்த்து உட்காரலாமே என்று நான் கேட்டதற்கு, "அவனுங்கள வுட்டுட்டு எங்கடி போறது?" என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. மனுஷனுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன். உன் காசில் கிரைண்டர் வந்தபோது இன்னும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கிரைண்டரில்தான் இன்றைக்குக் காலையிலும் மாவு அரைத்தேன். அதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

அந்த லாரிப் படம் வைத்திருந்தவனை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவான். பேருக்குப் பதில் இரண்டு எழுத்தும் ஒரு லாரிப் படமும். தினம் ஒரே அளவு காசோடு வந்து, அது தீரும் வரை ஆடிவிட்டுப் போய்விடுவான். நீ அவன் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருந்தாய். பச்சை என்றால் பார்த்ததும் போய்ப் பக்கத்தில் உட்காரு என்று அர்த்தம். ஒருநாள் நீ அவனிடம் இருந்த கடைசிக் காசையும் எடுத்தபோது அவன் கீழே எழுதினான், "செம்ம ஆட்டம் ப்ரோ" என்று. அதை நீ எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாய். "யாருடா அவன்?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா ஆட முடியாதும்மா" என்றாய். அப்புறம் ஒரு வாரம் அவன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. நீ போனைத் தூக்கிப் பாயில் போட்டு, "சே, எம்மேஜ போச்சி" என்றாய். அவனுக்கு என்ன ஆச்சோ என்று உன் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. என் வாயிலும் வரவில்லை, நான் உனக்கு டீ கொண்டுவந்து வைத்தேன்.

அந்த மேஜைகளைப் போட்டவன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் தனி. நீ ஜெயித்தாலும் அவனுக்குப் பங்கு, லாரிக்காரன் ஜெயித்தாலும் அவனுக்குப் பங்கு. எந்த மேஜையில் ஏமாளிகள் இருக்கிறார்கள் என்று சராசரி போட்டு, சதவீதம் போட்டு, பலகையில் எழுதி வைத்தது அவன்தான். சினிமா முகங்களை வைத்து விளம்பரம் போட்டு ஆட்களைக் கூட்டி வந்ததும் அவன்தான். நீ உன்னை வேட்டைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அவன் பலகையில் உனக்கும் ஏதோ ஒரு புள்ளி வைத்திருப்பான், என்ன நிறமோ. போன வருஷம் அரசாங்கம் காசு வைத்து ஆடும் அந்த ஆட்டங்களை எல்லாம் மூடியபோது நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். அதோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் நீ என்னிடம் வந்து கேட்டாய். "அம்மா, உனுக்கு முட்டி வலி. எத்தினி நாளைக்கு மலைக்கு பஸ் ஏறுவ? நீ போற வூடுங்கள எனக்குச் சொல்லு, நான் பாத்துக்கறேன்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஆலங்காயத்தில் இருந்து மலை ஏறி, பூவிலும் பிஞ்சிலும் புளிய மரத்தைப் பேசி அட்வான்ஸ் கொடுத்து, பழுத்ததும் உலுக்கி இறக்கிக் கொண்டுவந்து பிழைத்த பிழைப்பு. அதைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறேன் என்றால் எந்த அம்மாவுக்குக் கசக்கும்? இரண்டு நாள் உட்கார வைத்துச் சொன்னேன். எந்த ஊரில் எந்த வீட்டில் எத்தனை மரம், எந்த மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும், எது மலைச்சரிவில் நின்று உலுக்கக் கஷ்டம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எந்த வீட்டில் புருஷன் குடிக்கிறான், எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், யார் உடனே சரி என்று சொல்வார்கள், யார் நான்கு பேரிடம் விலை கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள் என்று அதையும் சொன்னேன். நீ எல்லாவற்றையும் போனில் ஏற்றினாய். சில பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்தாய். நான் அதைப் பார்த்தேன் எட்வின். கண்ணாடி போட்டுக்கொண்டு தெளிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நல்லா அழகா எழுதறடா" என்றேன்.

நான் வருஷா வருஷம் மரம் பேசும் மலை ஊர் ராமாயி வீட்டுக்கு நீ போனது எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். அதைச் சொன்ன விதம்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஸ்வீட் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "மூணு மரம்மா. ஒரே பேச்சு. செம்ம மேஜ." பேத்திக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, மறுநாள் மத்தியானத்துக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று நீ போன பத்தாவது நிமிஷத்திலேயே தெரிந்துகொண்டாய். அப்புறம் நீ மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடித்தாய், வேர்க்கடலை தின்றாய், அந்தப் பெண்ணிடம் என்ன மார்க் என்று விசாரித்தாய். ஜமுனாமரத்தூருக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பி, வளைவில் இறங்கி, சத்தம் அடங்கும் வரை உட்கார்ந்திருந்தாய். அந்த பஸ் போனால் அவள் வேறு வியாபாரியிடம் போக முடியாது, சொந்தக்காரரிடம் கைமாற்று கேட்கவும் போக முடியாது. அப்புறம் விலையைச் சொன்னாய். பிஞ்சு அவ்வளவு பிடித்திருக்கும் மரத்துக்கு, அந்த விலை! அவள் ஒப்புக்கொண்டதும், "காலைல நானே வண்டில வாணியம்பாடிக்குக் கூட்டிக்கினு போய் வுட்டுட்றேன், வாடக வாணாம்" என்றாயாம், அப்படியே கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்திருந்தாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு உபகாரம் செய்த களை இருந்தது.

நான் கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கும்படி கத்தினேன். உனக்கு மனசாட்சி இருக்கிறதா, அவள் கையால் எத்தனை தடவை சாமைச் சோறு தின்றிருப்பாய் என்று கேட்டேன். நீ கத்தவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாய். "இன்னாம்மா புதுசா கேக்கற? நீ ஹார்ன் கேக்கற வரிக்கும் ஒக்காருவியே, அதேதான். நான் ஹார்ன் போற வரிக்கும் ஒக்காந்தேன். அவ்ளோதான் வித்தியாசம்."

அதைக் கேட்டதும்தான் மைசூர்பாகைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். முழுப் பரீட்சை லீவில் உன்னையும் கூட்டிக்கொண்டு ராமாயி வீட்டுக்குப் போனேன். என் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். மத்தியான பஸ்ஸில் போய் இறங்குவேன், சாப்பிடுவேன், குசலம் விசாரிப்பேன், மரத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். பஸ் மேல் ஊரில் திரும்பிக்கொண்டு வரும்போது வளைவில் ஹார்ன் அடிப்பான். அது கேட்டால் பத்து நிமிஷத்தில் பஸ் வந்துவிடும். அப்போது பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று விலையைச் சொல்வேன். "பஸ்சு வந்துடுச்சி ராமாயி, ஜல்தியா சொல்லு, வெச்சிக்கட்டுமா வாணாமா?" யோசிக்க நேரம் இருக்காது. இன்னொரு வியாபாரி என்றைக்கு அந்த ஊருக்கு வருவான் என்றும் தெரியாது. சரி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தடவை ராமாயியின் புருஷனை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆட்டுப் பட்டி காலியாக இருந்தது. அவளுடைய கடைசிக் குழந்தையின் காலில் போன தடவை பார்த்த கொலுசு இல்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் இதையெல்லாம் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே அழுதேன். ஹார்ன் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வழக்கமான விலையைவிடக் குறைத்துச் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், பக்கத்து வீட்டிலும் பெரிய மரம் இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை என்று. "அந்த வூட்ல புருஷன் நல்லா கீறான்டா. வெல கேப்பான்" என்றேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாய். அப்புறம் என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாய்.

மேஜை பார்க்கும் வித்தையை உனக்கு எந்தப் போனும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் மேல் இருக்கும் ஆத்திரத்தை எடுத்து என் மேல் போட்டால் சரியாக உட்காருகிறது. ஆனால் அதனால் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. நான் திருடினேன் என்பதற்காக நீ திருடலாம் என்று ஆகிவிடாது. எனக்கு அப்போது இரண்டு பிள்ளை, வட்டிக்கடன், குடிசை வீடு என்று சாக்கு இருந்தது. அது சாக்குதான், நியாயம் இல்லை. உனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. லோடு ஆட்டோ இருக்கிறது, கடன் இல்லை, ஒண்டிக்கட்டை. ஜெயிக்கிற ருசிக்காக ஜெயித்திருக்கிறாய்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாளே நான் மலைக்கு பஸ் ஏறினேன். முட்டி வலியோடுதான். விலையில் நீ குறைத்த பணத்தை என் பையில் எடுத்துப்போனேன், கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்ற நினைப்பில். ராமாயி களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பட்டி மறுபடியும் காலியாக இருந்தது. நீ கொடுத்த அட்வான்ஸ் போதாமல், விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்கு ஆடுகளைக் கொடுத்துவிட்டுத்தான் உன் வண்டியில் ஏறியிருக்கிறாள். அது உனக்குத் தெரியாது. நீ கேட்டிருக்க மாட்டாய். பேத்திக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒம்புள்ள நல்லா பேசனாங்க்கா. உன்னாட்டமே" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதனால் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அங்கேயே களத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஹார்ன் கதையைச் சொன்னேன். புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் குறைத்ததைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனுக்குத் தெரியாதாக்கா?" என்றாள். "பஸ்சு சத்தம் கேட்டாத்தான் உனுக்கு வாயில வெல வரும். மொத வருசமே கண்டுக்கினேன். எத்தினி மூட்ட எறங்கும்னு எம்மரத்த எனுக்குத் தெரியாதா? ஆனா இந்த ஊருக்கு என்ன தேடிக்கினு யாரு வர்றா? நீ வந்தா ஒரு பொழுது ஒக்காந்து பேசுவ. அவரு படுத்துக்கினு இருந்தப்ப நீ அழுதியே, அது பொய்யா? அத்த வெச்சித்தான் வுட்டேன். போனா போவுது, அக்கா தின்னுட்டுப் போவட்டும்னு."

எட்வின், முப்பது வருஷம் நான் அவளைப் பச்சைப் புள்ளி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் சீட்டு மொத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் காசைப் போட்டிருக்கிறாள். அந்த லாரிக்காரனும் அப்படித்தானோ என்னவோ. செம்ம ஆட்டம் என்று எழுதினானே, சாயங்காலத்தில் பேச ஆள் இல்லாமல் வந்து உட்கார்ந்தானோ, யார் கண்டது? நீ விசாரிக்கவில்லை.

பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "வாணாங்க்கா. மரத்த பேசுனது ஒம்புள்ள. பேச்சு அவனுக்கும் எனுக்கும். மாத்தணும்னா அவன் வந்து மாத்தட்டும். நீ குடுத்தா அது பிச்ச மாதிரி" என்றாள். கெஞ்சினேன், மசியவில்லை. அவள் புருஷன் செத்த பிறகு தனியாளாக மூன்று பிள்ளை வளர்த்தவள், என் கெஞ்சலுக்கெல்லாம் அசையமாட்டாள். பஸ் ஹார்ன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று நீ சொல்வாய், சரிதான். ஆனாலும் அம்மா என்கிற திமிரில் சொல்கிறேன். வியாபாரம் என்றால் விலை குறைத்துக் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வெட்கமில்லை. ராமாயியின் பக்கத்து வீட்டில் புருஷன் நல்லா இருக்கிறான் இல்லையா, விலை கேட்பான் இல்லையா, அவனோடு போய்ப் பேசு. அவன் நான்கு விலை கேட்டுவிட்டு உன்னிடம் வரட்டும், நீயும் மரத்தைச் சுற்றி வந்து குறை சொல்லு, இரண்டு பேரும் தொண்டை வற்றப் பேசி முடியுங்கள். அப்படிப் பேசி வாங்கி வரும் மரத்தில் லாபம் வந்தால் எனக்கு மைசூர்பாகு வாங்கி வா, பாக்கெட்டோடு தின்கிறேன். காலி ஆட்டுப் பட்டியைப் பார்த்தால் அன்றைக்கு மரம் பேசாமல் திரும்பி வந்துவிடு. சாப்பாடு போட்டால் சாப்பிட்டுவிட்டு வா. உன் அப்பா அந்த மூன்று பேரை விட்டுப் போகாததை நான் விவரம் போதாமை என்று நினைத்தேன். அவர் இறந்த அன்றைக்கு அந்த மூன்று பேரும்தான் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள், கல்லறை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எந்த மேஜையில் உட்கார்ந்தால் அப்படி மூன்று பேர் கிடைப்பார்கள் என்று உன் பலகையில் எழுதியிருந்ததா?

இனி நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அம்மா முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று சொல்லாதே. நேற்று ஆலங்காயம் மண்டியில் இந்த வாரத்து விலையை எழுதி வாங்கினேன். நாளைக்கு மத்தியான பஸ்ஸில் மலைக்குப் போகிறேன். ராமாயி வீட்டில் தங்குகிறேன், அவளிடம் சொல்லியாகிவிட்டது. அங்கே இருந்து, உனக்கு நான் சொன்ன வீடு ஒவ்வொன்றுக்கும் நடப்பேன். முட்டி வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பேன். மரத்தடியில் நின்று, இந்த மரம் இத்தனை மூட்டை இறங்கும், கீழே இன்றைக்கு இன்ன விலை, இதற்குக் குறைந்து யார் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்வேன். அவர்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசி பஸ் போன பிறகு எவனாவது விலை சொன்னால், காலை பஸ் வரட்டும் என்று சொல்ல என் வாய் அங்கே இருக்கும். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டியபோது கொட்டகைப் பெண்கள், அப்படியானால் நம் வேலை என்ன ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான விலைக்கு வாங்கினாலும் புளியில் கொட்டை இருக்கும், எடுக்கலாம் என்றேன்.

உன் போனை எடு. ராமாயி பேருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பேரை எழுதிக்கொள். முப்பது வருஷ அனுபவம், எல்லாச் சீட்டும் தெரியும், கெட்ட கோபக்காரி என்று எழுதிக்கொள். விவரமானவர் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று நீதான் எனக்கு இரண்டு தடவை சொன்னாய். அதன்படி பார்த்தால் இந்த மலையில் இனி உனக்கு உட்கார இடமில்லை, எழுந்து போய்விடலாம். இல்லை, போக மாட்டேன், ராமாயியிடம் நானே பேச்சை மாற்றுகிறேன் என்று வந்தாயானால், காலை பஸ்ஸில் வா. வண்டியை ஆலங்காயத்திலேயே விட்டுவிட்டு, எங்களைப் போல பஸ்ஸில் வா. உனக்கும் சேர்த்து ஒரு டம்ளர் சாமை வைக்கச் சொல்கிறேன்.

அம்மா